தட்டின் மேல் துணி விரிக்காதீர்

மழைக்கு ஒதுங்குகிறவர்கள் மழை விட்டதும் கிளம்பிவிடுவார்கள். ஊர் உலகத்தில் அதுதான் வழக்கம். ஆனால் அந்த ஐப்பசி மாலையில் மழை எப்போது விட்டது என்பதே புஷ்பத்துக்குத் தெரியவில்லை...

பாண்டி பஜாருக்கு வளையல் வாங்க வந்த இடத்தில் பிடித்துக்கொண்ட மழை. ஒரு கையில் அம்மா பேச்சியம்மாள், மறு கையில் வார் அறுந்த செருப்பு. ஓடிவந்து குலாம் முகம்மது பாயின் மின்சாமான் கடைப் படியில் ஏறினாள். ஏறிய வேகத்தில் கால் வழுக்கியது. விழாமல் இருக்க எதையோ பிடித்தாள். பிடித்தது ஒரு நீலநிறத் தகரப் பெட்டி. பெட்டியையும் அவளையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டவன் அங்கே நின்றிருந்த ஓர் இளைஞன்.

"பாத்துங்க... மூலைக்கு இப்பத்தான் பெயிண்ட்டு அடிச்சேன். இன்னும் காயல."

புஷ்பம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். நீலம்! சுருக்கென்று கோபம் வந்தது.

"ஒரு பொண்ணு விழப் போறா... உங்களுக்குப் பெயிண்ட்டுதான் பெரிசா?"

"நீங்க எங்க வுழுந்தீங்க? நான்தான் புட்ச்சிக்கினு கீறேனே."

அப்போதுதான் அவள் முழங்கை அவன் கையில் இருப்பதை இருவருமே கவனித்தார்கள். அவன் சட்டென்று விட்டான். அவள் சட்டென்று வேறு பக்கம் பார்த்தாள். நல்லவேளை, பேச்சியம்மாள் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இது என்ன பெட்டி?" என்றாள் புஷ்பம், ஏதாவது கேட்டாக வேண்டுமே என்று.

"வடகம், வத்தல் எல்லாம் காய வைக்கிற பொட்டிங்க. வெயிலே வோணாம்."

"காய வைக்கிற பெட்டியாம்... தன் பெயிண்ட்டையே அதுக்குக் காய வைக்கத் தெரியலியே!"

பாய் வாய்விட்டுச் சிரித்தார். அவனும் சிரித்தான். சிரிக்கும்போது வாயைவிட அவன் கண்கள்தான் முதலில் சிரித்தன...

வெயிலே வேண்டாம் என்ற சொல் பேச்சியம்மாள் காதில் விழுந்துவிட்டது. தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்ட மூத்த மகளுக்குக் கார்த்திகையில் வளைகாப்பு. சீரோடு ஐந்து வகை வடகம் அனுப்புவதாகச் சம்பந்தி வீட்டில் பெருமையாகச் சொல்லியாயிற்று. தி.நகர் மொட்டை மாடியிலோ பத்து நாளாக வெயில் எட்டிப் பார்க்கவில்லை.

"ஏட்டி புஷ்பம், கேளு. வாங்கிப் பாப்போமா? இந்த மழையில எங்க போயிக் காயப்போட?"

கடையில் அந்த மாதிரிப் பெட்டிகள் மூன்று விதமாக இருந்தன. ஒன்று பெரிய அலமாரி மாதிரி, பளபளவென்று எவர்சில்வர் கதவோடு நின்றது. அடுத்தது உருண்டையாக, அடுக்குத் தட்டுகளோடு இருந்தது. மூன்றாவது இந்த நீலப் பெட்டி. முதல் இரண்டும் வெளியூர்ச் சரக்கு. நீலப் பெட்டியைச் செய்தவன் சாட்சாத் அந்த இளைஞன்தான், பெயர் தணிகாசலம். அடையாறு ஆற்றங்கரையில் வீடு. கிண்டியில் ஃபிட்டர் வேலை படித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, சொந்த யோசனையில் ஆறு பெட்டிகள் செய்திருந்தான். பாய் கடையில் வைக்க இடம் கொடுத்திருந்தார். இதுவரை ஒன்றுகூட விலை போகவில்லை.

பேச்சியம்மாளின் கண் எவர்சில்வர் கதவிலேயே நின்றது.

"அதுதான் நல்லா லட்சணமா இருக்கு."

தணிகாசலம் மறுத்துப் பேசவில்லை. புஷ்பத்திடம் திரும்பினான்.

"கைய மழையில நனைச்சிக்கினு வாங்க."

"எதுக்கு?"

"வாங்களேன்... சொல்றேன்."

புஷ்பம் தாழ்வாரத்தில் சொட்டிய மழைத்தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு வந்தாள். அலமாரியை ஓடவிட்டு, கதவைத் திறந்து, கையை மேல் தட்டில் காட்டச் சொன்னான்.

"இன்னா தெரியுது?"

"சுடுது."

"காஞ்சிச்சா?"

"எங்க... வேர்க்குது!"

"சூடு மட்டும்தான் கீது இதுல. வடகத்த அவிச்சிடும். இப்ப உருண்டையாண்ட காட்டுங்க... அடித்தட்டுக்கு மட்டும்தான் காத்து வருது, மேல ஒண்ணியும் இல்ல. ரெண்டு பேர் கீற வூட்டுக்குச் சரி. உங்க வூட்டுக்குப் பத்தாது. கடைசியா... இங்க."

நீலப் பெட்டியின் பின்புறம் ஒரு சின்ன விசிறி ஓடியது. இளஞ்சூடான காற்று விரல்களுக்கு நடுவே நுழைந்து போனது. யாரோ கையைப் பிடித்துக்கொண்டு ஊதுகிற மாதிரி இருந்தது. உள்ளங்கை காய்ந்தது. நீலக் கறை மட்டும் மிச்சம் இருந்தது.

"சூடும் வோணும், காத்தும் வோணும். அடித்தட்டுல பூந்து மேல்தட்டு வழியா காத்து போய்க்கினே இருக்கணும். அதுக்குத்தான் தட்டெல்லாம் சல்லடையா வச்சிக்கீறேன்..."

அதற்கு மேல் அவன் சொன்னது எதுவும் புஷ்பத்துக்குள் இறங்கவில்லை. இறங்க வேண்டிய வழியெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு... தகரத்தைப் பற்றவைத்தபோது பொறி தெறித்திருக்குமோ? பேசும்போது இவ்வளவு ஆசையாக ஒருவனால் ஒரு தகரப் பெட்டியைப் பார்க்க முடியுமா? அந்தப் பார்வையில் பாதி நம் பக்கம் திரும்பினால்...? சீச்சீ, என்ன நினைப்பு இது!

அவன் ஏதோ அழுத்திச் சொன்னான். தலையாட்டினாள். மறுபடியும் சொன்னான். மறுபடியும் ஆட்டினாள். மூன்றாவது தடவையும் சொல்லி, "புரிஞ்சிதா?" என்று கேட்டான்.

"ம்..."

பேச்சியம்மாள் நீலப் பெட்டிக்கே பணத்தை எண்ணி வைத்தாள். அவன் ஒரு தாளில் கைப்பட எதையோ எழுதி மடித்துக் கொடுத்தான். அதைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். படிக்கவில்லை. படிக்கத் தோன்றவில்லை. அவன் கையெழுத்து தன்னிடம் இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது.

"ஏட்டி, மழை விட்டு எந்நேரமாச்சு! நிக்கா பாரு மரம் மாதிரி" என்று அம்மா உலுக்கிய பிறகுதான் சுயநினைவு வந்தது.

நாலு நாள் கழித்து அதே கடைப் படியில் புஷ்பம் மறுபடி ஏறினாள். இந்தத் தடவை கால் வழுக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. பின்னால் ரிக்‌ஷாக்காரர் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஐந்து தட்டு வடகமும் நாசம். அடித்தட்டு தீய்ந்து, மேல்தட்டு புளித்து, நடுத்தட்டில் பூஞ்சை படிந்து... வீடெல்லாம் ஒரே நாற்றம். அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள். சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது என்று புலம்பினாள். அந்த அழுகை முழுவதும் புஷ்பத்துக்குக் கோபமாக மாறியது. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவனை நம்பினேனே... ஒரு சிரிப்பைப் பார்த்து ஏமாந்தேனே!

கடையில் அன்றைக்கு நல்ல கூட்டம். இரண்டு பேர் நீலப் பெட்டியைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்காதீங்க!" என்றாள் புஷ்பம். குரல் தெருவரை கேட்டது. "இது பெட்டியே இல்ல, குப்பைத்தொட்டி! கண்ணுல ஆசை காட்டிப் பேசி ஆளை ஏமாத்துறாங்க. தகரத்தைத் தட்டத் தெரிஞ்சா போதுமா? சோத்துல போடுற பொருளாச்சே... நாலு எழுத்து ஒழுங்காப் படிச்சவங்க செய்யற வேலை இது!"

கூட்டம் அப்படியே நின்றது. தணிகாசலத்தின் முகம் வெளிறிப்போனதை எல்லாரும் பார்த்தார்கள். அவன் பெட்டியைத் திறந்து ஒரு தட்டை உருவினான். சல்லடைக் கம்பியில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் பிரித்து எடுத்தான். வெளிச்சத்தில் பார்த்தான். புஷ்பத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"மன்னிச்சிடுங்கம்மா. தப்பு என்னுதுதான்."

அவ்வளவுதான் சொன்னான். விசாரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் நழுவிவிட்டார்கள்.

புஷ்பம் ஜெயித்துவிட்ட மிதப்பில் பஸ் ஏறினாள். டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக் கைப்பையைத் துழாவியபோது மடித்த தாள் ஒன்று கையில் சிக்கியது. கிழித்துப் போடலாம் என்றுதான் பிரித்தாள்...

குண்டு குண்டான எழுத்து. முதல் வரியிலேயே அடிக்கோடு. ஒன்றல்ல, மூன்று கோடு.

'தட்டின் மேல் துணி விரிக்காதீர். காற்றுக்கு வழி விடவும். கூழைக் கெட்டியாகக் கிண்டி, தட்டில் எண்ணெய் தடவி, நேராகப் பிழியவும்.'

புஷ்பத்துக்குக் காது அடைத்தது.

வடகம் என்றால் நனைத்த வேட்டித் துணியில் பிழிய வேண்டும். வெயிலில் காய்ந்ததும் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். அம்மா, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து நனைத்துக் கொடுத்தாள். அதை ஐந்து தட்டிலும் ஓரம்கூடத் தெரியாமல் இழுத்து விரித்தவள் இவளேதான். காற்றுக்கு இருந்த கண்களை எல்லாம் தன் கையாலேயே மூடியிருக்கிறாள்!

அப்படியானால் தட்டிலிருந்து அவன் பிரித்து எடுத்தது...? நூல். வேட்டி நூல். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை பேர் முன்னால் அதைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். 'இன்னாம்மா இது?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்... அவள் மானம் அந்தப் படியிலேயே போயிருக்கும். அவன் கேட்கவில்லை. அவள் வைத்த பழியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மன்னிப்பும் கேட்டான்.

வெட்கம்... உச்சந்தலைவரை எரிந்தது. அவள் துணிக்கடைக்காரர் மகள். வாசலில் நின்று ஒருத்தர் போடும் சத்தம் ஒரு கடையை என்ன செய்யும் என்று அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள். அவள் போய் அதைச் செய்தாள். 'நாலு எழுத்து ஒழுங்காப் படிச்சவங்க'ளாம்! நாலு எழுத்து எழுதிக் கொடுத்தான். அதைப் படிக்காதவள் யார்?

வீட்டில் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கண்ணாடி பார்த்துத் தலை வாரக்கூட முடியவில்லை. உள்ளங்கையில் நீலக் கறை இன்னும் மங்கலாகத் தெரிந்தது. எத்தனை தேய்த்துக் கழுவியும் போகவில்லை... உண்மையைச் சொன்னால், அவள் அதிகம் தேய்க்கவும் இல்லை.

நாலாம் நாள் தனியாகக் கடைக்குப் போனாள். தணிகாசலம் இல்லை. நீலப் பெட்டிகளும் இல்லை. பாய் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும், பாய்."

"இன்னும் மிச்சம் கீதாம்மா பேச?" பாய் பெருமூச்சு விட்டார். "அன்னிலேர்ந்து ஒருத்தரும் அந்தப் பெட்டியத் திரும்பிப் பாக்கல. நானே எடுத்துக்கினு போய்டச் சொல்லிட்டேன், எனக்கும் மனசு கேக்கல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூர்ல, லஸ்ஸாண்ட மாதர் சங்கத்துல ஓட்டிக் காட்டறான். அங்கயும் ஆவலன்னா, பெட்டிய எல்லாம் பிரிச்சுப் பழைய இரும்புல போட்டுட்டு பம்பாய் மில்லு வேலைக்குப் போறேன்னுட்டான்."

பம்பாய்! புஷ்பம் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் சொன்னபோது பேச்சியம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? அந்தத் தம்பிட்ட மன்னிப்புக் கேக்கணும்னா ஒரு கடுதாசி எழுதிப் போடு. சபையில போயி நின்னு தப்பு எம்மேலன்னு சொல்லுதேன்னா, உங்கப்பா கடைப் பேரு என்னாகும்?"

"நான் சபையிலதானேம்மா திட்டினேன்... கடுதாசியிலயா திட்டினேன்?"

பேச்சியம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ தனியாப் போவாத" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஞாயிறன்று கட்டச் சேலை எடுத்து வைக்கப் போனாள்.

ஞாயிறன்றும் மழைதான். சங்கத்துக் கூடத்தில் நாற்பது பெண்கள் இருப்பார்கள். மேடையில் நீலப் பெட்டி. பக்கத்தில் தோய்த்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் தணிகாசலம். அந்தச் சட்டையைப் பார்த்ததுமே புஷ்பத்துக்கு அழுகை வந்தது. கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள்.

அவன் பெட்டியை விளக்கினான். குரலில் பழைய ஆசை இல்லை, மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. முடிப்பதற்குள் முன்வரிசையில் ஒரு மாமி எழுந்தாள்.

"ஏம்ப்பா, எங்காத்துக்கு எதிராத்துல சொல்லிண்டிருந்தா... பாண்டி பஜார்ல ஒரு பொண்ணு வந்து, வடகமெல்லாம் வீணாயிடுத்துன்னு கத்தித் தீர்த்துட்டாளாமே? இந்தப் பெட்டிதானா அது?"

கூடத்தில் சலசலப்பு. தணிகாசலம் தலையைக் குனிந்தான்.

"ஆமாங்க. இதே பொட்டிதான்."

"என்ன ஆச்சாம்?"

"அது... என் தப்புங்க. சரியா சொல்லித் தரல."

இப்போதும்! இப்போதும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறானே! புஷ்பத்தின் கால்கள் தாமாக எழுந்தன. தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய்!"

நாற்பது தலைகள் திரும்பின. அவனும் பார்த்தான். அந்தப் பார்வையை மட்டும் அவளால் சந்திக்க முடியவில்லை.

"அந்தப் பொண்ணு... நான்தான்." நாக்கு ஒட்டிக்கொண்டது. "பெட்டி மேல தப்பே இல்ல. தட்டு மேல துணி விரிக்கக் கூடாதுன்னு இவர் சொன்னார். எழுதியும் கொடுத்தார். நான் அதைப் படிக்கல. ஈர வேட்டிய விரிச்சு, அதுல பிழிஞ்சு, காத்தை அடைச்சு நான்தான் கெடுத்தேன். கெடுத்துட்டு, இவரை நாலு பேர் முன்னால வாய்க்கு வந்தபடி பேசினேன். படிப்பைச் சொல்லிக் குத்தினேன். இவருக்கு அப்பவே தெரியும்... தெரிஞ்சும் என்னைக் காட்டிக்கொடுக்கல. எனக்கு..." குரல் உடைந்தது. "எனக்கு வெட்கமா இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

யாரோ 'களுக்'கென்று சிரித்தார்கள். புஷ்பம் பூமிக்குள் போய்விட மாட்டோமா என்று நின்றாள். அப்போது பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிறீச்சிட்டது.

"ஏந்தாயீ சிரிக்கிய? வேட்டியக் கிழிச்சுக் குடுத்தது நாந்தான்!" பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "துணியில்லாம வடகம் பிழிஞ்சவ யாராவது இந்தக் கூட்டத்துல இருந்தா கையத் தூக்குங்க பாப்போம்."

ஒரு கைகூட எழவில்லை. முதலில் முன்வரிசை மாமி சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது. இந்தச் சிரிப்பு குத்தவில்லை.

"வாஸ்தவம்தான். நானும் துணியைத்தான் விரிச்சிருப்பேன்" என்றாள் மாமி. "ஆனா பொண்ணே, இத்தனை தெளிவா சொல்லியிருக்கான், எழுதியும் கொடுத்திருக்கான்... உன் கவனம் அப்போ எங்கே இருந்தது?"

புஷ்பத்தின் முகம் குங்குமமாகச் சிவந்தது. மாமி அவளைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். சற்று நேரத்தில் மேடையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. எத்தனை தட்டு, எவ்வளவு நேரம், மோர் மிளகாய் காயுமா என்று கேள்விகள் பறந்தன. பேச்சியம்மாள் நடுவில் நின்று, துணி விரிக்கக் கூடாது என்று எல்லாருக்கும் அதிகாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புஷ்பம் வாசல் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டாள். மழை சரம் சரமாக இறங்கியது. பின்னால் காலடிச் சத்தம். திரும்பாமலே யார் என்று தெரிந்தது.

"ஆறு பொட்டிக்கும் பேர் குட்த்துட்டாங்க" என்றான். "இன்னும் செய்யணுமாம்."

"அப்ப... பம்பாய்?"

"அங்க இன்னா கீது எனக்கு?"

அவள் மூச்சு சீராக வர ஆரம்பித்தது. அவன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். கருகிய ஒரு துண்டு வெள்ளை நூல்.

"இதை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க? என்னைக் குத்திக்காட்டவா?"

"தூக்கிப் போட மனசு வர்ல."

மழை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உள்ள அந்த மாமி கேட்டாங்களே..." அவன் மெல்ல ஆரம்பித்தான். "கவனம் எங்க இருந்திச்சின்னு. நானும் அத்தத்தான் யோசிச்சிக்கினு இருந்தேன். ஒரு தபா இல்ல, மூணு தபா சொன்னேன். தலைய வேற ஆட்டுனீங்க. நான் சொன்னத நெஜமாவே கேக்கலியா?"

பொய் சொல்லலாம். மழைச் சத்தம், தலைவலி, ஏதாவது. ஆனால் அவ்வளவு பேர் முன்னால் பெரிய உண்மையைச் சொன்ன வாய்க்கு, இந்தச் சின்ன உண்மைதான் கஷ்டமாக இருந்தது.

"கேக்கல..." என்றாள், தன் நீல உள்ளங்கையிடம் சொல்வது போல. "பாத்துக்கிட்டிருந்தேன்."

"எத்த? பொட்டியவா?"

"பெட்டிய யாரு பாத்தா!"

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, அன்றைக்கு பஸ்ஸில் பிடித்ததிலிருந்து எரிந்துகொண்டிருந்த அந்த வெட்கம் அடங்கி, அதே இடத்தில் வேறொரு வெட்கம் வந்து உட்கார்ந்தது. இதில் எரிச்சல் இல்லை.

அவன் கையிலிருந்த நூலை மறுபடி பைக்குள் வைத்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"நானும் ஒண்ணு சொல்லணும். யாருக்குமே நான் அத்த ஒரு தபாதான் சொல்வேன். உங்களுக்கு மட்டும்தான் மூணு தபா சொன்னேன்."

"எனக்கு மட்டும் ஏன்? மண்டுன்னு நெனச்சீங்களா?"

"அதில்ல... அப்பவே மழை வுட்ருச்சி. சொல்லி முட்ச்சிட்டா நீங்க போய்டுவீங்களேன்னு..."

புஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். இப்போதும் முதலில் சிரித்தவை அவன் கண்கள்தான்.

உள்ளேயிருந்து பேச்சியம்மாள் குரல் கொடுத்தாள். "ஏட்டி புஷ்பம்! மழை விட்டுட்டா? கிளம்புவமா?"

லஸ் தெருவில் ஈரத்தின் மேல் மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. குடைகளை மடக்கிக்கொண்டு ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் விடலம்மா" என்றாள் புஷ்பம்.